பதில் வராத பேட்ச்: பினாங்கில் ஒரு தன்னார்வ லினக்ஸ் பில்ட் குழு

மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு லினக்ஸ் இயங்குதளம் புதிதில்லை. 1972-இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் திறந்ததிலிருந்து இந்தத் தீவில் எத்தனையோ குடும்பங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ்தான் சோறு போடுகிறது. எங்கள் அம்மாக்கள் ஷிஃப்டுக்குப் போய் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சிப்புக்குக் கம்பி இணைத்தார்கள். பிள்ளைகள் நாங்கள் அதே தொழிற்பேட்டையில் அந்தச் சிப்பில் ஓடும் மென்பொருளைக் கட்டுகிறோம். அதற்குச் சம்பளம் வருகிறது. மேலாளர் இருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் முடி என்றால் முடித்தாக வேண்டும். சம்பளமும் மேலாளரும் இல்லாமல், வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு மடிக்கணினியைத் திறக்கும் சிலரை வைத்து ஒரு பில்ட் சிஸ்டத்தை வருடக்கணக்கில் ஓட்டுவது வேறு வித்தை. சில ஆண்டுகளாக அதை ஒருங்கிணைத்து வருகிறேன். எது கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்று கேட்பவர்கள் கூடிவிட்டதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

பில்ட் சிஸ்டம் என்றதும் முழிப்பவர்களுக்கு ஒரு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ராஸ்பெரி பை போன்ற ஒரு சின்னப் பலகையில் லினக்ஸ் ஓட வேண்டுமானால் பல துண்டுகளை வரிசையாகத் தயார் செய்ய வேண்டும். உங்கள் கணினியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பலகைக்கான நிரலை உருவாக்கித் தரும் கம்பைலர், அதோடு நிரல்கள் சார்ந்திருக்கும் சி நூலகம், பிறகு பலகையை எழுப்பும் பூட்லோடர், லினக்ஸின் மையமான கெர்னல், அதன்மேல் நமக்கு வேண்டிய நிரல்கள். எல்லாம் சேர்ந்து ஒரே இமேஜாக எஸ்டி கார்டில் ஏறும். இத்தனையையும் ஒரே கட்டளையில் செய்து முடிப்பதுதான் பில்ட் சிஸ்டம். பில்ட்ரூட், யோக்டோ, ஓபன்டபிள்யூஆர்டி எல்லாம் இந்த வகை. பில்ட்ரூட் 2001-இல் பிறந்தது. யூசிலிப்சி என்ற சின்ன சி நூலகத்தைச் சோதித்துப் பார்க்க அதை எழுதியவர்களே செய்துகொண்ட கருவி அது. இன்றைக்கு அதில் 2,500-க்கும் மேற்பட்ட பேக்கேஜுகள், அதாவது கட்டிச் சேர்க்கக்கூடிய நிரல்களும் நூலகங்களும், இருக்கின்றன.

எங்களுடையது பில்ட்ரூட்டின் மேல் உட்காரும் ஒரு வெளி மரம், அதாவது தனிக் கோப்புத் தொகுப்பு. பில்ட்ரூட்டின் மூலத்தைத் தொடாமல், நம் சொந்தப் பேக்கேஜுகளையும் பலகை அமைப்புகளையும் தனிக் களஞ்சியத்தில் வைத்து இணைத்துக்கொள்ள அதிலேயே வழி உண்டு. தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை, எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் நூலகம், சில கல்வி நிரல்கள் எல்லாம் சேர்த்து, தமிழ்ப்பள்ளிகளில் ஓரமாகக் கிடக்கும் பழைய கணினிகளுக்கும் கோயில் மண்டபங்களின் அறிவிப்புத் திரைகளுக்கும் ஏற்ற இமேஜுகளைக் கட்டுகிறோம். முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தொடங்கிய நாடு இது. எழுத்துருவைப் பற்றியும் விசைப்பலகையைப் பற்றியும் இங்கே பேசுவதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. அந்த எழுத்துரு ஒரு சின்னப் பலகையின் திரையில் போய்ச் சேர்வதற்கு நடுவில் இருக்கும் வேலைதான் யார் கண்ணிலும் படுவதில்லை. படாமல் இருப்பதும் ஒருவகையில் நல்லதுதான், கூட்டம் சேராது.

குழுவில் பட்டர்வொர்த்காரர் ஒருவர், நிபோங் தெபாலில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்து மாணவர்கள், கோலாலம்பூரில் இரண்டு பேர், சென்னையில் ஓர் அண்ணன், ஜெர்மனியில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். அவ்வப்போது மலாய், சீன நண்பர்களும் பலகைக்குப் பலகை வந்து போவார்கள்.

ஒருங்கிணைப்பாளர் என்றதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, ஆள் எப்படிச் சேர்க்கிறீர்கள் என்பது. ஆள் சேர்ப்பதில் கஷ்டமே இல்லை. ஒரு பல்கலைக்கழகப் பேச்சு, ஒரு சனிக்கிழமைப் பட்டறை, பத்துப் பேர் வந்துவிடுவார்கள். அவர்கள் ஆறு மாதம் கழித்தும் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. விட்டுப் போனவர்களிடம் முடிந்தவரை பேசிப் பார்த்திருக்கிறேன். வேலை கடினமாக இருந்தது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. கடினமான வேலைக்கு ஆசைப்பட்டுத்தானே வந்தார்கள்! பேட்ச் என்றால் நிரலில் ஒருவர் செய்து அனுப்பும் மாற்றம். எல்லாரும் அதைப் பற்றிச் சுற்றி வளைத்துச் சொன்னது ஒன்றுதான்: “பேட்ச் அனுப்பினேன் அண்ணே, யாரும் ஒண்ணும் சொல்லல. வேணான்னு சொல்லியிருந்தாகூட வேற வேலையைப் பாத்திருப்பேன்.”

எந்தத் திறமூல வேலையிலும் இது நடக்கும்தான். ஆனால் பில்ட் சிஸ்டத்தில் காத்திருப்பு இரட்டிப்பாகக் கடிக்கும். எங்களுக்கு வரும் பேட்சுகளில் பாதிக்கு மேல், ஏதோ ஒரு பேக்கேஜைப் புதிய பதிப்புக்கு ஏற்றுபவை. ஒரு தம்பி இரவு உட்கார்ந்து ஒரு நூலகத்தை உயர்த்தி, கட்டிப் பார்த்து, பலகையில் ஓட்டிப் பார்த்து அனுப்புகிறான். அதை மூன்று வாரம் அப்படியே வைத்திருந்தால் அந்த நூலகத்தின் அடுத்த பதிப்பு வந்துவிடுகிறது. அவன் பேட்ச் பழையதாகிவிட்டது. நடுவில் இன்னொருவர் அதே கோப்பில் கைவைத்திருந்தால் பேட்ச் பொருந்தவே பொருந்தாது. அவனிடம் போய் மறுபடி செய்து அனுப்பு என்று எந்த முகத்தோடு கேட்பது? செய்த வேலைக்கு நன்றி சொல்லாமல் அதே வேலையை இரண்டாம் முறை கேட்கிறோம்.

அதனால் எங்கள் குழுவில் உள்ள விதிகளில் பெரும்பாலானவை வளையும், இது வளையாது: மூன்று நாளுக்குள் முதல் பதில். முழு ரிவ்யூவாக இருக்க வேண்டியதில்லை. “பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை கட்டிப் பார்க்கிறேன்” என்ற ஒரு வரி போதும். இரண்டு வாரத்துக்குள் உண்டு, இல்லை, இதை மாற்றினால் உண்டு என்று மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘இல்லை’ என்பதைச் சொல்ல நம்மவர்களுக்கு வாய் வருவதில்லை. மனசு நோகுமே என்று பார்க்கலாம், பார்க்கலாம் என்று இழுப்போம். சின்னப் பையன் ஆசையாக அனுப்பியிருக்கிறான், எப்படி வேண்டாம் என்பது என்று சென்னை அண்ணன் பல முறை என்னிடம் வாதாடியிருக்கிறார். ஆனால் எனக்கு ஒன்றில் சந்தேகமே இல்லை. காரணத்தோடு சொன்ன ‘வேண்டாம்’ என்பதற்காகப் போனவர்களைவிட, வராத பதிலுக்காகப் போனவர்கள்தான் அதிகம்.

ஆனால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே. ரிவ்யூ செய்பவர் இரண்டு பேர், பேட்ச் அனுப்புபவர் எட்டுப் பேர் என்றால் கணக்கு உதைக்கும். இங்கேதான் புதிதாக வருபவர்களுக்கு என்ன முதல் வேலை கொடுக்கிறோம் என்பது முக்கியமாகிறது. வழக்கமாக எல்லாரும் செய்வது, ஒரு புதுப் பேக்கேஜ் எழுதச் சொல்வது. நாங்கள் அதை நிறுத்திவிட்டோம். புதியவரின் முதல் வேலை, காத்திருக்கும் இன்னொருவரின் பேட்சை எடுத்துக் கட்டிப் பார்ப்பது. லினக்ஸ் கெர்னலில் ‘டெஸ்டட்-பை’, ‘ரிவ்யூட்-பை’ என்று பேட்சின் அடியில் பெயர் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. பில்ட்ரூட்டும் அதையே பின்பற்றுகிறது. முதலாவது, இன்னார் ஓட்டிப் பார்த்தார் என்பதற்கு. இரண்டாவது, இன்னார் வரிவரியாகப் படித்து ஒப்புக்கொண்டார் என்பதற்கு. ஓட்டிப் பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை, நேற்று வந்தவரும் செய்யலாம். நாங்கள் கேட்பது, வெறும் பெயரோடு நிறுத்தாமல் எந்தப் பலகை, எந்த சி நூலகம், என்ன ஓட்டிப் பார்த்தீர்கள் என்று இரண்டு வரி எழுத வேண்டும் என்பதுதான். ஜிலிப்சி என்ற சி நூலகத்தில் ஓடுவது மஸ்ல் என்ற இன்னொன்றில் உடையும், 64 பிட்டில் சரியாக இருப்பது 32 பிட்டில் தடுக்கும். ஒரு பேக்கேஜைப் பல டூல்செயின்களில் (கம்பைலரும் சி நூலகமும் சேர்ந்த தொகுப்புகளில்) வரிசையாகக் கட்டிப் பார்க்கும் ஸ்கிரிப்டைப் பில்ட்ரூட்டே தருகிறது. ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் போதும்.

இப்படி வந்தவர்களில் ஒரு தங்கச்சி, நிபோங் தெபாலில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தவர். முதல் சில மாதம் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை, மற்றவர்களின் பேட்சுகளைக் கட்டிக் கட்டி உடைத்துக்கொண்டே இருந்தார். மஸ்லில் எது உடையும் என்று இன்று குழுவில் அவரளவுக்குத் தெரிந்தவர் யாருமில்லை.

மாணவர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். கடைசி வருட புராஜெக்ட் என்று வருபவர்களுக்குப் புதிதாக எதையாவது செய்துகாட்ட வேண்டிய கட்டாயம். மேற்பார்வையாளரிடம் போய் “பதிப்பு உயர்த்தினேன்” என்று சொன்னால் மதிப்பெண் வராது. அவர்களோடு சண்டை போடாமல், கையில் இருக்கும் பலகைக்கு ஆதரவு எழுதும் வேலையைக் கொடுத்துவிடுவேன். பலகை அவர்களிடமே இருக்கிறது, முடிவு கண்ணுக்குத் தெரியும், செமஸ்டரோடு முடியும். முடிந்ததும் போய்விடுவார்கள் என்று முதல் நாளே எடுத்துக்கொள்ள வேண்டும். வருத்தப்பட ஒன்றுமில்லை. அவர் போன பிறகு அந்தப் பலகையை யார் பார்ப்பார் என்று அவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஆள் இல்லையென்றால், பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும், மரத்துக்குள் வராது. அவருடைய சொந்தக் களஞ்சியத்தில் இருக்கட்டும்.

பேக்கேஜுக்கும் இதே கேள்விதான். பில்ட்ரூட்டில் 2016 முதல் ‘டெவலப்பர்ஸ்’ என்று ஒரு கோப்பு உண்டு. யார் எந்தப் பேக்கேஜைக் கவனிக்கிறார் என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் பேக்கேஜைத் தொடும் பேட்ச் வந்தால் யாருக்கு நகல் அனுப்ப வேண்டும் என்பதை ஒரு ஸ்கிரிப்ட் அதைப் படித்துச் சொல்லும். தானியங்கி பில்டில் அந்தப் பேக்கேஜ் உடைந்தால் அவருக்குத் தகவல் போகும். யோக்டோவிலும் ஒவ்வொரு ரெசிபிக்கும் (பேக்கேஜைக் கட்டும் குறிப்புக்கு அங்கே அந்தப் பெயர்) பராமரிப்பாளர் பெயர் உண்டு. புதிய பதிப்பு வந்திருந்தால் தானே உயர்த்திப் பார்த்து அவருக்கு அறிவிக்கும் கருவியும் இருக்கிறது. நாங்கள் சின்ன அளவில் அதையே செய்கிறோம். கூடுதலாக ஒன்று: பெயருக்கு உரியவரிடமிருந்து இரண்டு ரிலீஸ் வரை சத்தமே இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவோம். கோபத்தில் செய்வதில்லை. கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம், சிங்கப்பூர் என்று ஆயிரம் இருக்கும். பெயர் அங்கேயே கிடந்தால் அவர் பார்த்துக்கொள்கிறார் என்று மற்றவர்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள். பெயரை எடுத்து, இதற்கு ஆள் தேவை என்று அறிவித்து, அப்படியும் யாரும் வராவிட்டால் அடுத்த ரிலீஸில் பேக்கேஜையே நீக்குவோம். நீக்கும்போது சும்மா நீக்கக் கூடாது. பில்ட்ரூட்டில் நீக்கப்பட்ட தெரிவுகளுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. பழைய அமைப்போடு கட்ட முயல்பவரை அது நிறுத்தி, என்ன ஆனது என்று சொல்லும். அதைப் பார்த்துத்தான் நாங்களும் பழகிக்கொண்டோம்.

ரிலீஸ் நாட்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 2009-க்கு முன் பில்ட்ரூட்டில் முறையான ரிலீஸே கிடையாது. அன்றன்றைய நிலையை எடுத்துக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஆண்டு பீட்டர் கோர்ஸ்கார்ட் பராமரிப்பாளரான பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வந்தது: பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும்தான். இரண்டு மாதம் புதியவற்றை ஏற்பார்கள், மூன்றாம் மாதம் சரிபார்ப்பு மட்டும். அந்த மாதத்தில் வரும் புதிய வேலைகள் ‘நெக்ஸ்ட்’ என்ற தனிக் கிளைக்குப் போகும். 2017.02 முதல் பிப்ரவரி ரிலீஸுக்கு நீண்ட கால ஆதரவும் உண்டு.

தன்னார்வலர்களுக்கு இந்த முறை எவ்வளவு நிம்மதி என்பது, வேறு மாதிரி நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ‘எல்லாம் தயாரானதும் ரிலீஸ்’ என்று வைத்தால் எல்லாம் ஒருநாளும் தயாராகாது. என் வேலைக்காக எல்லாரும் காத்திருக்கிறார்களே என்று ஒருவர் ராத்திரி தூங்காமல் கிடப்பார், இன்னொருவர் என் வேலை எப்போது வெளியே வரும் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். தேதி நிலையாக இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே பதில்: இந்த முறை தவறினால் மூன்று மாதத்தில் அடுத்தது. யாருக்காகவும் நிற்பதில்லை, அதனால் யார்மேலும் பழியில்லை.

ஆனால் தேதியை ஐரோப்பாவிலிருந்து அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. பிப்ரவரியில் எங்களிடம் யார் இருப்பார்கள்? தைப்பூசம் 2023-இல் பிப்ரவரி 5, 2025-இல் பிப்ரவரி 11. ரதம் கிளம்பும் நாளிலிருந்து மூன்று நாளைக்குத் தண்ணீர்மலை அடிவாரத்திலும் வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்களிலும்தான் குழுவில் பாதி இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் விரதம், காவடி, களைப்பு. சீனப் புத்தாண்டும் அதையொட்டியே வரும். அதே நாட்களில்தான் பிரஸ்ஸல்ஸில் ஃபோஸ்டெம் என்ற திறமூலக்காரர்களின் கூட்டம் நடக்கும், பில்ட்ரூட்காரர்கள் அதையொட்டிக் கூடி உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். அவர்கள் உச்ச வேகத்தில் இருக்கும்போது நாங்கள் மோர் ஊற்றிக்கொண்டிருப்போம். ஆகவே எங்கள் ரிலீஸ் ஒரு மாதம் தள்ளி மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். மேலே, அதாவது பில்ட்ரூட்டில், வெளியானது ஒரு மாதம் ஊறிய பிறகு எங்களுக்கு வருவதால் அவர்கள் கண்டுபிடித்துத் திருத்திய பிழைகளும் சேர்ந்தே கிடைக்கின்றன. தீபாவளியும் செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவில் இடிக்காமல் விழுகிறது. நோன்பு மாதம் மட்டும் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். மலாய் நண்பர்களுக்காக ஒவ்வொரு டிசம்பரிலும் அடுத்த ஆண்டின் பண்டிகைகளையெல்லாம் எடுத்து வைத்துத் தேவையானால் ஒரு வாரம் நகர்த்துவோம். இது சின்ன விஷயம்போலத் தெரியலாம். தன் பண்டிகை அன்று ரிலீஸ் வைத்த குழுவில் யாரும் இரண்டாவது வருடம் இருப்பதில்லை.

தானியங்கி பில்டுக்கு வருகிறேன். பில்ட்ரூட்டுக்கு எங்கெங்கோ இருக்கும் கணினிகள், பேக்கேஜுகளைக் கண்டபடி கலந்து ஏதேதோ அமைப்புகளைத் தேர்ந்து இரவு பகலாகக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. யாரும் நினைத்துப் பார்க்காத கலவைகளில்தான் உடைப்பு தெரியும். எங்களிடம் இருப்பது பட்டர்வொர்த் வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப். இரவில் மட்டும் ஓடும், பகலில் ஓடினால் அந்த அறையில் உட்கார முடியாது என்று அவர் மனைவி சொல்லிவிட்டார், நியாயம்தான். மின்சாரச் செலவைப் பகிர்ந்துகொள்கிறோம். காலையில் அறிக்கை வரும். அந்த அறிக்கையை எல்லாருக்கும் அனுப்பாதீர்கள். தண்ணீர்ப் பந்தலில் அடுப்பை யாராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டால் சாம்பார் அடிப்பிடிக்கும், இதுவும் அப்படித்தான். வாரத்துக்கு ஒருவர் என்று முறை. அந்த வாரம் உடைந்ததையெல்லாம் அவரே சரிசெய்ய வேண்டும் என்பதில்லை. இது யாருடைய பேக்கேஜ், புதிய உடைப்பா பழையதா, நம் மரத்திலா மேலேயா என்று பிரித்து உரியவரிடம் சேர்த்தால் போதும். யோக்டோவிலும் பில்ட் தோல்விகளைப் பிரித்துப் பார்க்க இப்படி முறை வைத்து ஆள் மாற்றும் வழக்கம் இருந்திருக்கிறது.

உடைப்பிலேயே ஒரு வகையில் மட்டும் நான் கண்டிப்பானவன். ஹாஷ், அதாவது ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண், பொருந்தாத உடைப்பு. பில்ட் சிஸ்டம் ஒவ்வொரு மூலத் தொகுப்பையும் இணையத்திலிருந்து இறக்கியதும் அதன் ஷா-256 எண்ணை நம்மிடம் எழுதிவைத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். 2023 ஜனவரி 30-இல் உலகம் முழுக்கப் பல பில்ட் சிஸ்டங்கள் ஒரே நேரத்தில் இப்படி நின்றன. நிரல்களைச் சேமித்துவைக்கும் ஒரு பெரிய தளம், டார்பால்களை (சுருக்கிக் கட்டிய மூலத் தொகுப்புகளை) கேட்கும்போது கேட்கும்போது கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி மூலம் உருவாக்கித் தருகிறது. கிட்டின் புதிய பதிப்பில் சுருக்கும் முறை மாறியிருந்தது. உள்ளே இருக்கும் கோப்புகள் ஒன்றுகூட மாறவில்லை. சுருக்கப்பட்ட பைட்டுகள் மட்டும் மாறின, ஹாஷ் மாறியது. தளம் சீக்கிரமே பழைய முறைக்குத் திரும்பிவிட்டது. அதற்குள் எங்கள் குழுவில் இரண்டு பேட்சுகள் வந்துவிட்டன: “ஹாஷ் தப்பா இருந்துச்சு, மாத்திட்டேன்.”

அனுப்பிய தம்பிகள் மேல் தவறில்லை. பில்ட் நிற்கிறது, ஓர் எண்ணை மாற்றினால் ஓடுகிறது, யாருக்கும் கை அங்கேதான் போகும். ஆனால் அந்த எண் இருப்பதே அப்படி மாற்றாமல் இருப்பதற்காகத்தான். அன்றிலிருந்து விதி: பதிப்பு மாறாமல் ஹாஷ் மட்டும் மாறும் பேட்ச் வந்தால், பழைய தொகுப்பையும் புதியதையும் விரித்து, கோப்புக்குக் கோப்பு ஒப்பிட்டு, என்ன வித்தியாசம் என்று பேட்சின் விளக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் யார் அனுப்பினாலும், நானே அனுப்பினாலும், உள்ளே போகாது. பழைய தொகுப்பு கையில் இருந்தால்தானே ஒப்பிட முடியும்? ஆகவே நாம் கட்டும் ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு நகல் நம்மிடம் வேண்டும். பில்ட்ரூட்டும் தனக்கென்று ஒரு மாற்றுக் களஞ்சியம் வைத்திருக்கிறது. டிஸ்க் இன்று மலிவு.

அடுத்த ஆண்டே எக்ஸ்இசட் விவகாரம் வந்தபோது இந்த விதியை யாரும் முணுமுணுக்கவில்லை. 2024 மார்ச் 29-இல் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் வெளியிட்ட செய்தி அது. எஸ்எஸ்எச் வழியாக இன்னொரு கணினிக்குள் நுழைவது அரை விநாடி தாமதமாகிறதே என்று துருவப் போய், எக்ஸ்இசட் சுருக்கு நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவாசல் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைத் தூண்டும் துண்டு கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட டார்பாலில் மட்டும் இருந்தது. டெபியன் அல்லது ஆர்பிஎம் பேக்கேஜாக, 64 பிட் இன்டெல் வகைக் கணினிக்குக் கட்டும்போதுதான் அது விழித்துக்கொள்ளும். எங்களைப்போலப் பலகைகளுக்குக் கட்டுபவர்களைக் குறிவைக்கவில்லை. அந்தச் செய்தியில் தொழில்நுட்பத்தைவிட என்னைப் பிடித்தது அதற்குப் பின்னால் இருந்த மனிதர்களின் கதை. அந்த நூலகத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் களைத்துப் போயிருந்தார். ஏன் தாமதம், இன்னொருவரிடம் கொடுங்கள் என்று சிலர் நெருக்கினார்கள். பொறுமையாக, உபயோகமாக உதவி வந்த ஒருவருக்குப் பொறுப்பில் பங்கு கிடைத்தது. கள்ளவாசலை வைத்தவர் அவர்தான்.

எனவே பதில் சீக்கிரம் வேண்டும் என்று நான் மேலே எழுதியதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சீக்கிரம் பதில் சொல்லச் சொல்லி ஒருவரையே கசக்கினால் அவர் உடைவார். எங்களிடம் யாரும் தன் பேட்சைத் தானே சேர்க்க முடியாது. இன்னொருவர் கண் பட்டே ஆக வேண்டும். சேர்க்கும் உரிமை உள்ளவர்கள் எப்போதும் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. அதில் ஒருவர் “இந்த மாதம் என்னால் முடியாது” என்று சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதி என்னுடையதல்ல, ஜெர்மனிக்காரர் வற்புறுத்தி வைத்தது. முதலில் எனக்கு அது அவசியமாகத் தெரியவில்லை. இப்போது அதுதான் முதல் மூன்று விதிகளில் ஒன்று.

பினாங்கில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒன்று, வேலை ஒப்பந்தம். பன்னாட்டுக் கம்பெனிகளின் ஒப்பந்தங்கள் சிலவற்றில், ஊழியர் அந்தத் துறையில் எழுதும் எதுவும் கம்பெனிக்குச் சொந்தம் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், சொந்த நேரத்தில் எழுதியதையும் சேர்த்து. லினக்ஸில் 2004 முதல் ஒவ்வொரு பேட்சின் கீழும் ‘சைன்டு-ஆஃப்-பை’ வரி கேட்கிறார்கள். இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது என்று கையெழுத்திடுவதற்குச் சமம் அது. பில்ட்ரூட்டும் கேட்கும். சும்மா ஒரு சடங்கு என்று நினைத்துப் பலர் போட்டுவிடுகிறார்கள். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் நான் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படிக்கச் சொல்வேன். சந்தேகமாக இருந்தால் மனிதவளத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கச் சொல்வேன். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். கம்பெனி மடிக்கணினியில் மட்டும் இந்த வேலையைத் தொடவே கூடாது.

உரிமங்களைப் பற்றி ஒரே வரி: எஸ்டி கார்டில் இமேஜ் போட்டுப் பள்ளிக்குக் கொடுத்தாலும் அது விநியோகம்தான், ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வரும் நிரல்களுக்கு மூலத்தையும் தர வேண்டும். உரிமங்களையும் மூலங்களையும் சேர்த்தெடுக்கப் பில்ட்ரூட்டில் ஒரு கட்டளை இருக்கிறது, ஒவ்வொரு ரிலீஸிலும் ஓட்டி இமேஜுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

வாரக் கூட்டம் சனி இரவு பத்து மணி. சென்னையில் ஏழரை, ஜெர்மனியில் குளிர்காலமானால் மாலை மூன்று, கோடையில் நான்கு. கூட்டத்தில் எதையும் முடிவு செய்வதில்லை. பேசுவோம், சிரிப்போம், யார் எதில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று கேட்போம். முடிவு என்றால் எழுத்தில் வர வேண்டும், வராதவரும் மாற்றுக் கருத்துச் சொல்ல ஒரு வாரம் இருக்க வேண்டும். பட்டர்வொர்த்காரருக்கு நைட் ஷிஃப்ட் வாரங்கள் உண்டு. அவர் இல்லாத கூட்டத்தில் அவருடைய கணினியில் என்ன ஓட வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்வது மரியாதையில்லை.

மேலே அனுப்புவதைப் பற்றி. எங்கள் மரம் வளர வளர நான் கவலைப்படுகிறேன், சுருங்கினால் சந்தோஷப்படுகிறேன். பொதுவாகப் பயன்படக்கூடிய எதையும் பில்ட்ரூட்டுக்கே அனுப்பிவிடச் சொல்வேன். அங்கே போய்விட்டால் உலகத்தின் கணினிகள் அதைக் கட்டிப் பார்க்கும், நம் டெஸ்க்டாப் ஒன்று மட்டும் கிடந்து திணற வேண்டாம். அங்கே காத்திருக்க நேரிடும், அவர்களும் பெரும்பாலும் சொந்த நேரத்தில் செய்பவர்கள்தான், வரிசை நீளம். காத்திருக்கும்போது என்ன செய்வது என்று தம்பிகள் கேட்பார்கள். அங்கே வரிசையில் நிற்கும் மற்றவர்களின் பேட்சுகளில் இரண்டை எடுத்துக் கட்டிப் பார்த்து முடிவை எழுதுங்கள் என்பேன். வரிசை இரண்டு குறையும். உங்கள் பெயரும் நாலு பேருக்குப் பழகும். சில வாரம் கழித்து மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒருங்கிணைப்பாளர் பதவியை இப்போது ஆண்டுக்கு ஒருவர் என்று வைத்திருக்கிறோம். வரும் டிசம்பர் ரிலீஸிலிருந்து நிபோங் தெபால் தங்கச்சி பார்க்கிறார். அவரிடம் ஒப்படைக்க வேண்டியவற்றை எழுதத் தொடங்கியபோதுதான், எத்தனை விஷயம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது என்று புரிகிறது: டொமைன் பெயர் யார் அட்டையில் புதுப்பிக்கப்படுகிறது, இமேஜுகளுக்குக் கையெழுத்திடும் சாவி எங்கே, அதன் கடவுச்சொற்றொடர் இன்னொருவருக்குத் தெரியுமா, மூல நகல்கள் இருக்கும் டிஸ்க்குக்கு நகல் எங்கே, மின்சாரக் கணக்கை யார் எழுதுகிறார். ஒவ்வொன்றுக்கும் எதிரில் இரண்டு பெயர் இருக்க வேண்டும், இருவரும் ஒரே வீட்டிலோ ஒரே கம்பெனியிலோ இருக்கக் கூடாது. டொமைனுக்கு மட்டும் இன்னும் ஒரு பெயர்தான் இருக்கிறது. கோலாலம்பூர்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், அட்டை விவரத்தை மாற்றிவிட்டால் அந்தப் பட்டியல் முடிந்தது.